சத்திரக்காரரின் கணக்கு

நல்ல சமாரியனின் உவமையை அறியாத பிள்ளை நம் பங்கில் இராது. ஞானோபதேச வகுப்பில் சேர்ந்த முதல் வருடத்திலேயே அதைக் கேட்டுவிடுகிறோம். கள்ளர் கையில் அகப்பட்டு வழியோரத்தில் கிடந்த ஒருவனை அந்நியன் ஒருவன் கண்டு மனமிரங்கினான். காயங்களைக் கட்டிச் சத்திரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தான். மறுநாள் சத்திரக்காரரிடம் இரண்டு வெள்ளிக்காசு கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் புறப்பட்டான். இந்தச் சமாரியனைப்பற்றிப் பிரசங்கங்கள் ஏராளம். சத்திரக்காரரைப்பற்றியோ யாரும் பேசுவதில்லை.

ஆயினும் சமாரியன் போனபிறகு அந்தக் காயக்காரனோடு இருந்தவர் அவர்தாமே. இரவில் விழித்திருந்து தண்ணீர் கொடுக்க ஆள் வேண்டும், கட்டுத்துணி வேண்டும், கஞ்சி வேண்டும். இரண்டு வெள்ளிக்காசு எத்தனை நாளைக்குப் போதும்? அடுத்த வாரம் இன்னொரு காயக்காரன் வந்தால் அவனை எந்த அறையில் போடுவது? சமாரியனுக்கு முன்னால் இருந்தவன் ஒருவன். சத்திரக்காரருக்கு முன்னால் இருந்ததோ ஒரு வீடு முழுவதும்.

இன்று ஆஸ்பத்திரிகளை நடத்தும் தலைவர்களின் நிலை இந்தச் சத்திரக்காரரின் நிலையே. அவர்களுக்குப் பெரிய சிரமம் எது என்று கேட்டால், பணம் போதவில்லை என்பார்கள். நல்ல டாக்டர்களும் நர்ஸுகளும் நிலைத்து நிற்பதில்லை என்பார்கள். இயந்திரங்களின் விலையைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். இவை யாவும் உண்மையே. ஆனால் இவற்றுக்கெல்லாம் அடியில் மனச்சாட்சியைச் சேர்ந்த ஒரு சிரமம் இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் நாம் சிந்திக்கவேண்டும்.

வைத்தியரும் நர்ஸும் நோயாளியின் முகத்தைப் பார்க்கிறார்கள். வலியால் சுளிக்கும் முகத்தைக் கண்டால் கல்நெஞ்சும் இளகும். ஆஸ்பத்திரித் தலைவரோ பெரும்பாலும் பார்ப்பது பதிவேட்டை. எத்தனை படுக்கை, எத்தனை பேர், எவ்வளவு ரூபாய் என்பவை அவர் பார்க்கும் காரியங்கள். எண்களைப் பார்த்து யாருக்கும் கண்ணீர் வருவதில்லை. என்றாலும் அந்த எண்களுக்குப் பின்னால் ஆத்துமாக்கள் இருக்கின்றன. கண்ணுக்கு முன் இருப்பவனை நேசிப்பது எளிது; கண்ணுக்குத் தெரியாதவனையும் நேசித்து, அவனுக்காக ஏற்பாடு செய்வதே தலைவருக்குரிய கடமை. கண்ணுக்குத் தெரியாத அப்படிப்பட்டவர்கள் மூன்று வகை: ஆஸ்பத்திரிக்கு வரமுடியாதவர், வந்தும் இடம் கிடைக்காமல் திரும்பியவர், ஆஸ்பத்திரியாலேயே கெடுதி அடைந்தவர்.

முதலாவது, வரமுடியாதவர். இதற்கு உதாரணம் தேட நாம் வெகுதூரம் போகவேண்டியதில்லை. எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-ஆம் ஆண்டு பிறந்த டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி என்பவர் மதுரையில் அரசாங்கக் கண் வைத்தியராய் இருந்து ஓய்வு பெற்றவர். வாலிபத்திலேயே மூட்டுவாத நோய் கண்டு அவருடைய விரல்கள் கோணிப்போயின. அந்த விரல்களைப் பழக்கி, நுட்பமான கண் அறுவைச் சிகிச்சையைக் கற்றார். 1976-ஆம் ஆண்டு ஓய்வு பெற்றபின், உடன்பிறந்தாரையும் சேர்த்துக்கொண்டு மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். கண்புரையால் பார்வை இழந்த ஏழைகளுக்கு இலவசமாய்ச் சிகிச்சை செய்யவேண்டும் என்பது அவர் எண்ணம்.

இலவசம் என்று சொல்லிவிட்டால் ஜனங்கள் வந்து குவிவார்கள் என்றுதானே நாம் நினைப்போம்? அப்படி நடக்கவில்லை. கிராமத்து முகாமில் கண்ணைப் பரிசோதித்து, சிகிச்சை செய்தால் பார்வை வரும் என்று சொல்லி அனுப்பியும் பலர் வரவில்லை. ஏன்? பஸ் கட்டணத்திற்குக் காசில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்குச் சாப்பாட்டுக்கு வழியில்லை. கூட வரும் மகனுக்கு அத்தனை நாள் கூலி போய்விடும். தெரியாத ஊரில் யாரைக் கேட்பது என்ற பயம் வேறு. டாக்டரின் கட்டணம் இல்லை என்பதால் மட்டும் ஏழைக்குச் செலவில்லாமல் போய்விடாது! இதை உணர்ந்த அந்த ஆஸ்பத்திரியார் பஸ்ஸில் தாங்களே அழைத்துவந்து, சாப்பாடு போட்டு, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விடும் ஏற்பாட்டைச் செய்தார்கள். அதன்பிறகே கிராமங்களிலிருந்து ஜனங்கள் வரத்தொடங்கினார்கள்.

இதற்கெல்லாம் பணம்? வசதியுள்ளவர்கள் தரும் கட்டணத்திலிருந்தே வந்தது. பணம் கொடுப்பவருக்குத் தனியறையும் கட்டிலும் உண்டு; இலவசமாய் வருபவருக்குப் பொதுக்கூடமும் பாயும். ஆனால் டாக்டர்கள் இரண்டு பக்கமும் முறைபோட்டு வேலை செய்கிறார்கள். பணக்காரருக்கு அறுவைச் சிகிச்சை செய்த கையே ஏழைக்கும் செய்கிறது. கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது அதன் விலை ஏழைக்கு எட்டாததாய் இருந்தது. 1992-ஆம் ஆண்டில் மதுரையிலேயே அதைச் செய்ய ஒரு தொழிற்சாலை தொடங்கினார்கள். விலை பல மடங்கு குறைந்தது. டாக்டர் வெங்கடசாமி 2006-ஆம் ஆண்டு காலமானார். அவர் ஏற்படுத்திய முறை தொடர்ந்து நடக்கிறது.

இதில் கவனிக்கவேண்டியது, அவர் கணக்கைத் தர்மத்திற்கு விரோதியாய் நினைக்கவில்லை என்பது. ஆஸ்பத்திரியில் பணம் பேசுவதே பாவம் என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். கணக்குப் பாராத தர்மம் மூன்று மாதத்தில் கதவைச் சாத்தும். நாலாவது மாதம் வரும் ஏழை வெளியே நிற்பான். மறுபுறம், கணக்குமட்டும் பார்க்கும் ஆஸ்பத்திரி ஏழையை வாசலிலேயே மறந்துவிடும். வாசலுக்கே வராதவனையும் கணக்கில் சேர்த்துக்கொள்வதுதான் நீதியுள்ள கணக்கு.

இரண்டாவது, வந்தும் இடம் கிடைக்காமல் திரும்பியவர். இங்கே சிரமம் இன்னும் கடினமாகிறது. பத்துப் பேர் வந்து நிற்க, இரண்டு படுக்கையே இருந்தால் யாரைச் சேர்ப்பது?

அமெரிக்காவில் வாஷிங்டன் மாகாணத்திலுள்ள சியாட்டில் நகரில் நடந்தது இது. சிறுநீரகம் கெட்டுப்போனவரின் இரத்தத்தை இயந்திரத்தின் மூலம் சுத்திகரிக்கலாம் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் இரத்தக்குழாயைத் திறக்கவேண்டியிருந்ததால், சில தடவைகளுக்குமேல் அது முடியாதிருந்தது. 1960-ஆம் ஆண்டில் டாக்டர் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்பவர், கையில் நிரந்தரமாகவே இருக்கும்படி ஒரு டெஃப்லான் குழாயை அமைத்தார். இதனால் சாகவேண்டிய நோயாளி வருடக்கணக்கில் பிழைத்திருக்க வழி பிறந்தது. முதலில் இந்தச் சிகிச்சை பெற்றவர் மேலும் 11 வருடங்கள் உயிரோடிருந்தார்.

1962-ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு நிலையம் திறந்தார்கள். இயந்திரங்களோ சில, செலவோ மிக அதிகம், காத்திருந்தவர்களோ பலர். முதலில் டாக்டர்கள் உடல்நிலையைப் பார்த்துப் பொறுக்குவார்கள். அதன்பிறகும் மிஞ்சியவர்களில் யார் பிழைப்பது என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட ஒரு கமிட்டியை ஏற்படுத்தினார்கள். ஒரு வழக்கறிஞர், ஒரு மதப்போதகர், ஒரு பாங்கி அதிகாரி, ஓர் இல்லத்தரசி, ஓர் அரசாங்க அதிகாரி, ஒரு தொழிலாளர் தலைவர், ஓர் அறுவை வைத்தியர் ஆகியோர் அதில் இருந்தார்கள். அவர்கள் பெயர் வெளியே தெரியாது. வந்தவர் கலியாணம் ஆனவரா, எத்தனை பிள்ளைகள், என்ன வருமானம், என்ன படிப்பு, என்ன உத்தியோகம், ஊருக்கு எவ்வளவு பிரயோசனமானவர் என்றெல்லாம் அவர்கள் பார்த்தார்கள். ஒருவர் கோவிலுக்குப் போகிறவரா என்பதும் பேச்சில் வந்தது. அந்த வருடமே லைஃப் என்ற சஞ்சிகை இதை வெளியிட்டது. படித்தவர்கள் திடுக்கிட்டுப்போனார்கள்.

பிரியமான பங்கு மக்களே, அந்த ஏழு பேரும் கொடியவர்கள் அல்லர். சம்பளமில்லாமல் வந்து, தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு, நல்லது செய்யவே முயன்றார்கள். ஆறு பிள்ளைகளின் தகப்பன் ஒருவன், தனிக்கட்டை ஒருவன்; படுக்கை ஒன்றே. தகப்பனுக்குக் கொடுப்பதுதானே நியாயம் என்று நமக்கும் தோன்றும். ஆனால் அதே தராசு எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பாருங்கள். பிள்ளையில்லாதவள், படிப்பில்லாதவன், வேலை போனவன், ஊரோடு ஒத்துப்போகாதவன் யாவரும் வரிசையில் பின்னால் போகிறார்கள். கமிட்டியில் இருந்தவர்களைப் போன்றவர்கள் முன்னால் வருகிறார்கள். ஒரு மனிதனின் விலையை இன்னொரு மனிதன் நிறுக்கத் தொடங்கினால், படிக்கல்லாகத் தன்னையே அல்லவா வைத்துக்கொள்கிறான்!

அப்படியானால் என்ன செய்வது? தேர்ந்தெடுக்காமலே இருக்கமுடியாத சமயங்கள் உண்டு. அப்போது கேட்கத்தக்க கேள்விகள் இரண்டே: யாருக்கு இந்தச் சிகிச்சை அவசரம்? யாருக்கு இதனால் குணம் கிடைக்கும்? இவற்றில் இருவர் சமமாய் இருந்தால், முன்னால் வந்தவருக்கு முதலிடம், அல்லது சீட்டுப்போடுதல். சீட்டில் இரக்கம் இல்லை என்பீர்கள். மெய்தான். ஆனால் அதில் அவமானமும் இல்லை. இடம் கிடைக்காதவன், தான் உயிர்வாழத் தகுதியற்றவன் என்று ஒரு சபை தீர்ப்பிட்டதாக எண்ணிக்கொண்டு சாகவேண்டியதில்லை.

தலைவரின் கடமை அதோடும் முடிவதில்லை. நியாயமாய்த் தேர்ந்தெடுத்துவிட்டேன் என்று கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாகாது. திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எழுதிவைத்து, அதை அதிகாரிகளிடமும் ஜனங்களிடமும் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். அமெரிக்காவில் பலர் அப்படி ஓயாமல் சொன்னதன் பலனாக, 1972-ஆம் ஆண்டில் சிறுநீரகம் செயலற்றுப்போனவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் வயதைப் பாராமல் அரசாங்கமே சிகிச்சைச் செலவை ஏற்கும் சட்டம் பிறந்தது. கமிட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று. நல்ல நீதிபதியைத் தேடுவதைவிட, அப்படியொரு தீர்ப்புக்கே அவசியமில்லாமல் செய்வது மேல்.

மூன்றாவது, ஆஸ்பத்திரியாலேயே கெடுதி அடைந்தவர். இதைச் சொல்லவே பலர் கூசுவார்கள். ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

வியன்னா நகரப் பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் வைத்திய மாணவர்கள் பயின்றார்கள். மற்றதில் மருத்துவச்சிகள் பயின்றார்கள். 1846-ஆம் ஆண்டில் மாணவர்களின் வார்டில் 4,010 தாய்மாரில் 459 பேர் இறந்தார்கள். மருத்துவச்சிகளின் வார்டில் 3,754 பேரில் 105 பேர். ஊர்ப் பெண்களுக்கு இது தெரியும். முதல் வார்டில் சேர்க்கவேண்டாம் என்று முழங்காலில் நின்று மன்றாடினார்கள். இஞ்ஞாஸ் செம்மல்வைஸ் என்ற ஹங்கேரி நாட்டு இளம் வைத்தியர் அங்கே உதவி டாக்டராய் இருந்தார். காரணத்தைக் கண்டுபிடிக்க அவர் பார்க்காத இடம் இல்லை.

அவர் பார்த்தவற்றில் ஒன்று நம்மைப் போன்ற குருக்களைச் சேர்ந்தது. முதல் வார்டில் சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்கவரும் குருவானவர் மற்ற அறைகள் வழியாகவே போகவேண்டியிருந்தது. முன்னே ஒருவர் மணி அடித்துக்கொண்டு போவார். அந்தச் சத்தம் கேட்டுத் தாய்மார் பயந்து நோயில் விழுகிறார்களோ என்று செம்மல்வைஸ் சந்தேகித்தார். மணி அடிக்காமல் வேறு வழியாய் வரும்படி குருவானவரைக் கேட்டுக்கொண்டார், அவரும் இசைந்தார். சாவு குறையவில்லை. காரணம் மணி அன்று. அது கைகளில் இருந்தது.

1847-ஆம் ஆண்டில் அவருடைய நண்பரான ஒரு பேராசிரியருக்குப் பிரேதப் பரிசோதனையின்போது விரலில் கத்தி பட்டது. பிரசவித்த தாய்மாருக்கு வந்த அதே விதமான நோய் கண்டு அவர் இறந்தார். செம்மல்வைஸுக்கு அப்போதுதான் விளங்கியது. மாணவர்கள் பிரேத அறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வருகிறார்கள். கையோடு நோயையும் கொண்டுவருகிறார்கள். சுண்ணாம்புக் குளோரின் நீரில் கை கழுவாமல் யாரும் நோயாளியைத் தொடக்கூடாது என்று உத்தரவிட்டார். 1848-ஆம் ஆண்டில் அதே வார்டில் 3,556 பேரில் இறந்தவர்கள் 45 பேரே.

இவ்வளவு தெளிவாய் இருந்தும் அவருடைய தலைமைப் பேராசிரியர் அதை ஏற்கவில்லை. 1849-ஆம் ஆண்டில் செம்மல்வைஸின் பதவி புதுப்பிக்கப்படவில்லை. பெரியவர்கள் பலருக்கு அதை ஒப்புக்கொள்வது கடினமாய் இருந்தது. ஒப்புக்கொண்டால், அவ்வளவு தாய்மாரின் மரணத்துக்குத் தங்கள் கைகளே காரணம் என்று ஆகிவிடும் அல்லவா? இங்கே அறிவு குறைபடவில்லை. கசப்பான செய்தியைக் கேட்கும் தாழ்ச்சிதான் குறைபட்டது.

ஆஸ்பத்திரித் தலைவருக்கு இது இன்றும் உள்ள சோதனை. இரவுப் பணியில் இருக்கும் நர்ஸ் ஒருத்தி தவறான மருந்தைக் கொடுத்துவிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சொன்னால் வேலை போகும் என்றால் மறைப்பாள். அதே அலமாரியில், ஒரே மாதிரி இருக்கும் அதே இரண்டு சீசாக்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்துகொண்டே இருக்கும். அடுத்த மாதம் இன்னொருத்தி அதையே எடுப்பாள். பெரிய டாக்டர் கை கழுவாமல் வந்தால், சின்ன நர்ஸ் அதைச் சொல்லக்கூடுமா? சொன்னால் அவளுக்கு ஆதரவாக நிற்க ஆள் உண்டா? ஓர் ஆஸ்பத்திரியின் ஒழுங்கை அதன் கட்டடத்தைப் பார்த்து அறியமுடியாது. அங்குள்ள கடைசி ஊழியை துணிந்து உண்மை பேசமுடியுமா என்பதைக் கொண்டே அறியவேண்டும். அசட்டையையும் துரோகத்தையும் தண்டிக்கத்தான் வேண்டும். உண்மையைச் சொன்னதற்காக ஒருவரைத் தண்டிக்கலாகாது.

இவையெல்லாம் ஆஸ்பத்திரித் தலைவர்களுக்கல்லவா, குடும்பங்களுக்கு என்ன என்று கேட்பீர்கள். உவமையில் சமாரியன் சொல்லிப்போன கடைசிப் பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மீதிச் செலவு தன்னைச் சேர்ந்தது என்று சொன்னான் அல்லவா? சத்திரக்காரர் தனியே சுமக்கமுடியாத பாரம் அது. மீதி நம்மைச் சேர்ந்தது. அதுவும் மூன்று வகை.

வரமுடியாதவரை ஆஸ்பத்திரி தேடிக் கண்டுபிடிப்பது கடினம், நமக்கு எளிது. நம் தெருவில் கண்ணில் புரை விழுந்து சுவரைத் தடவி நடக்கும் பாட்டி யார் என்று நமக்குத் தெரியும். அவளுக்கு வேண்டியது ரூபாய் மட்டுமன்று. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கூடப்போகும் ஆள். தர்மம் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பளிங்குக் கல்லில் பெயர் பொறித்த கட்டிலைத் தர முன்வருவோர் பலர்; பெயர் போடமுடியாத பஸ் கட்டணத்துக்கும் கஞ்சிக்கும் தருவோர் சிலரே. தலைவர்களுக்கு அதிகம் உதவுவது பின்னதுதான்.

இடம் கிடைக்காமல் திரும்பியவரைப்பற்றிச் சொல்லும்போது சிபாரிசுக் கடிதத்தைப்பற்றியும் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்க, சீக்கிரம் பார்க்க, நல்ல வார்டு கிடைக்க என்று பங்குக் குருவிடம் கடிதம் கேட்டு வருவது நம் ஊர்களில் வழக்கம். கேட்பவர்களின் பதைப்பு நமக்கு விளங்காமல் இல்லை. ஆனால் கடிதங்களில் இரண்டு விதம் உண்டு. இவர் ஏழை, எழுதப் படிக்கத் தெரியாதவர், நோய் முற்றியிருக்கிறது, உதவ ஆளில்லை என்பது ஒரு கடிதம். அது தலைவரின் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெய்யை அவருக்குத் தெரிவிக்கிறது. அதைத் தாராளமாய் எழுதலாம், எழுதவும் வேண்டும். இவர் நமக்கு வேண்டியவர், நம் கோவில் காரியங்களில் முன்நிற்பவர், கவனித்துக்கொள்ளவும் என்பது மற்றொரு கடிதம். இது சியாட்டில் கமிட்டியின் தராசைத் தலைவர் கையில் கொடுக்கிறது. அந்தக் கடிதத்தால் ஒருவர் முன்னே போனால், கடிதம் இல்லாத ஒருவர் பின்னே தள்ளப்படுகிறார். அவரை நாம் பார்ப்பதில்லை. ஆனால் அவர் இருக்கிறார். அவருக்கும் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு.

கடைசியாக, ஆஸ்பத்திரியில் கெடுதி நேர்ந்தால் உண்மையைக் கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும். ஆனால் டாக்டரை அடிப்பதும் கண்ணாடியை உடைப்பதும் உண்மையை வெளியே கொண்டுவராது. அடுத்த தடவை எல்லோரும் இன்னும் ஆழமாய் மறைக்கவே அது கற்றுக்கொடுக்கும். நம் பிள்ளைகளில் நர்ஸாகவும் டாக்டராகவும் போகிறவர்கள் இருக்கிறார்கள். கை தவறிப் பாத்திரம் உடைத்ததைத் தானாக வந்து சொல்லும் பிள்ளையை வீட்டில் அடிக்காமல் வளர்த்தால், வார்டில் மருந்து தவறியதை மறைக்காமல் சொல்லும் துணிவு அதற்குப் பின்னாளில் இருக்கும்.

ஆகவே, இனி சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறவர்கள் நோயாளியின் செல்வாக்கைச் சொல்லவேண்டாம். நோயைச் சொல்லுங்கள், வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள். அதை எழுதித் தருகிறோம். கூடப்போக ஆளில்லாதவர் எவரேனும் உங்கள் தெருவில் இருந்தால் அதையும் வந்து சொல்லுங்கள். துணைக்குப் போக முன்வருகிறவர்கள் ஞாயிறு பூசைக்குப்பின் தங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகலாம்.